குருட்டுக் குப்பி

சிரிப்பு வரப்போகிறது. சாதாரணச் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்தப் பழம்பொருள் கடையின் பலகைத் தரையில் உருளுகிற சிரிப்பு. ஆனால் இப்போதே இல்லை, கொஞ்சம் பொறுக்க வேண்டும், அதுவரை முகத்தை நற்கருணை வாங்கப் போகிறவள் முகமாக வைத்துக்கொள், பெர்னி, காலை ஆட்டாதே, ஜன்னலைப் பார்க்காதே, ஜன்னலைப் பார்த்தால் அவர் உன்னைப் பார்ப்பார். சித்தப்பா எதிரே நின்று மேஜைத் துணியின் சுருக்கத்தை மறுபடியும் நீவுகிறார். கோட்டு போட்டிருக்கிறார். யார் கல்யாணத்துக்கோ தைத்த சாம்பல் நிறக் கோட்டு, நாப்தலீன் உருண்டை வாசனை, கீழே அன்வர் பாய் பேக்கரியிலிருந்து ஏறி வருகிற வர்க்கி வாசனையோடு சண்டை போடுகிறது. வெளியே குன்னூர் முழுக்கப் பனி, மழையா பனியா என்று தெரியாத ஏதோ ஒன்று கண்ணாடியில் வழிகிறது. கோட்டு எதற்கு? கோத்தகிரியிலிருந்து மிசஸ் கிரேஸ் துரைசிங் வருகிறார். மறைந்த எஸ்டேட் மேனேஜர் துரைசிங்கின் மனைவி, மூட்டுவலிக்காரர், மேஜை மேல் இருக்கிற இந்த மூன்று வெள்ளி மூடிக் குப்பிகளைத் தன் மாமியார் வீட்டுச் சாமான் என்று அடையாளம் சொன்னவர், நாலு மணிக்கு நேரில் வந்து பார்ப்பதாகப் போனில் சொன்னவர். அவர் வரமாட்டார். நாலு மணிக்கும் வரமாட்டார், நாளைக்கும் வரமாட்டார், ஏனென்றால் மிசஸ் கிரேஸ் துரைசிங் என்று கோத்தகிரியில் யாரும் கிடையாது, உலகத்திலேயே கிடையாது, போன புதன்கிழமை அன்வர் பாய் கடை லேண்ட்லைனில் நான் வாயைத் திறந்தபோதுதான் அவர் பிறந்தார், மூட்டுவலியோடு பிறந்தார்.

இருமல் மாதிரி ஒன்று தொண்டைக்கு வருகிறது, அது இருமல் இல்லை, சிரிப்பின் முதல் குட்டி, அதை விழுங்கு. இந்தச் சிரிப்பை இப்போது விட்டால் சென்னை போச்சு. இதை மறக்காதே. சென்னையில் ஒரு மாத டப்பிங் பயிற்சி, கோடை விடுமுறை முடிவதற்குள், குரலை வைத்துப் பிழைக்கிறவர்கள் வந்து சொல்லித் தருகிறார்கள், அப்பாவிடம் கேட்டேன், அப்பா ‘முடியாது’ என்றார். ஏன் என்று கேட்டால் அதற்கும் ஒரு ‘முடியாது’. சித்தப்பா சொன்னால் மட்டும் அப்பா கேட்பார், அண்ணன் தம்பிக்குள் அப்படி ஒரு கணக்கு. சித்தப்பா என்ன சொன்னார்? இதே நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஒரு பழைய கண்ணாடி டம்ளரைச் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டபடி, “நீ அன்வரை ஏமாத்துவ, உங்க ஸ்கூல் வாட்ச்மேனை ஏமாத்துவ. என் காதை ஏமாத்து பாக்கலாம் கண்ணு. பழசு எது, பழசு மாதிரி பண்ணினது எதுன்னு சுண்டிக் கேட்டே சொல்ற காது இது. இதை ஏமாத்திட்டேன்னா அண்ணன்கிட்ட நானே பேசறேன். முடியலைன்னா வாயை மூடிட்டு காமர்ஸ் படி.” வேலையாகப் போன அப்பா இன்றைக்குச் சாயங்காலம் கோயம்புத்தூர் பஸ்ஸில் திரும்பி வருகிறார். அதற்குள் சித்தப்பா ஏமாந்ததாக வேண்டும். ஏமாந்தேன் என்று அவர் வாயால் வர வேண்டும். நாலு மணி தாண்டட்டும், நாலரை ஆகட்டும், தேநீர் ஆறட்டும், இந்தக் கோட்டு வியர்க்கட்டும், அப்போது நான் மெல்ல, “ஐ ஸே, மிஸ்டர் பிரகாசம்” என்று அந்த அம்மாள் குரலில் கூப்பிடுவேன், அவர் திரும்பி வாசலைப் பார்ப்பார், வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள், பிறகு என்னைப் பார்ப்பார். அந்த முகம்! அதற்காகத்தான் இவ்வளவும். அந்த முகம் வரும்போது சிரித்துக்கொள்ளலாம்.

குரல் பண்ணுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எல்லாக் குரலுக்கும் ஒரு பிடி இருக்கும், அதைக் கண்டுபிடித்துத் தூக்கினால் ஆளே கையோடு வந்துவிடுவார். அன்வர் பாய்க்குப் பிடி மூக்கு, “என்னா பாப்பா, வர்க்கி சூடா இருக்கு, எடுத்துக்க”, பாதி மூக்கில் போய்விடும். பள்ளிக்கூடத்து சிஸ்டர் பிலோமினாவுக்குப் பல் இடுக்கு, “சைலன்ஸ், பெர்னதெத், சைலன்ஸ்”, சைலன்ஸ் கேட்டே விசில் அடிக்கும். சித்தப்பாவுக்குப் பிடி இழுவை, கடைசி எழுத்தைக் கீழே வைக்க மனசு வராது, “அருமையான சாமாஆன்.” மிசஸ் துரைசிங்குக்கு நானே ஒரு பிடி செய்தேன், ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் முழங்காலைத் தடவிக்கொள்கிற மாதிரி ஒரு சின்ன முனகல், அது எனக்கே பிடித்துப்போய்விட்டது. அப்பாவுக்குத்தான் பிடி கிடைக்கவில்லை. எத்தனையோ தடவை கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாயிற்று, சொற்கள் சரி, கனம் சரி, அப்பா மட்டும் வரவில்லை. பேசுகிற ஆளாக இருந்தால்தானே பிடிக்க முடியும்? மின்வாரியத்தில் மீட்டரோடு பேசிப் பேசி வீட்டுக்கு மிச்சம் வைக்கிறதில்லை. அம்மா சொல்வாள், “உங்கப்பா வாயத் தொறக்கறதுக்குள்ள எனக்கு அரிசி வெந்துடும்.” சித்தப்பாவின் இந்த மூன்றாவது குப்பி மாதிரி ஆள், பார்த்தால் ஓட்டை ஓட்டையாக இருக்கும், கவிழ்த்து உலுக்கினால் ஒன்றும் விழாது.

மூன்றும் வெள்ளித் தாங்கியில் நிற்கின்றன. உடம்பு கண்ணாடி, பட்டை பட்டையாக வெட்டியது, தலை வெள்ளி, கோயில் கூம்பு மாதிரி மேலே போய் ஒரு மொக்கில் முடியும், அந்தக் கூம்பு முழுக்க ஓட்டை, ஓட்டை என்றால் சல்லடை ஓட்டை இல்லை, இலையும் கொடியுமாக அறுத்தெடுத்த ஓட்டை. நடுவில் பெரியது சர்க்கரைக்கு. பக்கத்தில் சின்னது மிளகுக்கு. மூன்றாவது கடுகுக்கு, அதைத்தான் கடையில் ‘குருடு’ என்போம். அந்தக் காலத்தில் கடுகைப் பொடியாகவே தட்டில் வைத்துக் குழைத்துக்கொள்வார்களாம், தூவுகிற வேலை இல்லை, ஆனால் மூன்றும் ஒரே அச்சாக நிற்க வேண்டும் என்பதற்காக அதற்கும் அதே இலை, அதே கொடி, ஓட்டை மட்டும் விழாமல் வெறும் செதுக்கலாக. முதல் தடவை பார்த்தபோது என் பாலில் சர்க்கரை விழும் என்று உலுக்கோ உலுக்கென்று உலுக்கினேன், சித்தப்பா தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு வட்டியும் சேர்த்துத்தான் இன்றைக்கு. இந்தக் குப்பிகளின் இங்கிலீஷ் பெயரான ‘காஸ்டர்’ என்றே போர்டில் எழுதி வைத்திருக்கிறார், சோபா காலில் மாட்டுகிற சக்கரத்துக்கும் அதே பெயர், போன வாரம்கூட ஒருத்தர் ஏறி வந்து சோபா காலுக்குச் சக்கரம் இருக்கா என்று கேட்டுவிட்டு, நனைந்த குடையோடு உள்ளே வந்ததற்குத் திட்டும் வாங்கிக்கொண்டு போனார். குடை இவருக்கு ஜென்ம விரோதி, ஈரம் பட்டால் வெள்ளி கறுத்துவிடுமாம், பிஷப்பே வந்தாலும் குடை படிக்கட்டில்தான்.

“அந்தம்மா வந்ததும் எங்கேருந்து ஆரம்பிக்கலாம் பெர்னி, சர்க்கரைலேருந்தா, வெள்ளிலேருந்தா?” கேட்பது சித்தப்பா. ஒத்திகை பார்க்கிறார், பாவம், இல்லாத ஆளுக்கு. “சர்க்கரைலேருந்து சொல்லுங்க சித்தப்பா, அவங்களுக்குச் சக்கரை வியாதியா இருந்தா பாதியில நிறுத்திக்கலாம்.” அவர் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரிப்பார். ஏன் சிரிக்கவில்லை? பதற்றம், பெரிய இடத்து அம்மா வருகிறார் என்ற பதற்றம், வேறென்ன. அவர் ஆரம்பித்துவிட்டார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பனி பிடித்த ஜன்னலைப் பார்த்து. “அப்போல்லாம் சர்க்கரை பொடியா வராதும்மா. கூம்புக் கூம்பா, கல்லு மாதிரி வரும். இடுக்கியால உடைச்சு, உரல்ல இடிச்சு, சலிச்சு எடுக்கணும். அலமாரில வச்சுப் பூட்டி, சாவியை வீட்டம்மா இடுப்புல சொருகிப்பாங்க. கடலுக்கு அந்தாண்டை கரும்புக் காட்டுல யார் யாரையோ அடிமையா கொண்டுபோய்ப் போட்டு, அவங்க செத்து விளைவிச்சது. இங்க இவங்க அதை ஸ்ட்ராபெரி மேல பனி மாதிரி தூவி, அடடான்னு சாப்பிட்டாங்க. தூவறதுக்கு ஒரு அழகு வேணுமில்ல, அதுக்குத்தான் இது. முதல்ல முழு வெள்ளி, கலங்கரை விளக்கம் மாதிரி நேரா நிக்கும். அப்புறம் இடுப்பு வந்துச்சு. அப்புறம் கண்ணாடி வந்துச்சு, உள்ள எவ்வளவு மிச்சம்னு தெரியுதில்ல. ஆனா கண்ணாடி உடையும், தலை உடையாது. அதனால ஒண்ணோட தலையை இன்னொண்ணோட உடம்புக்குக் கட்டி வச்சுருவாங்க. பாக்க நல்ல ஜோடியாத்தான் இருக்கும். நான் தொட்டாத் தெரிஞ்சிரும்.” நான் தொட்டாத் தெரிஞ்சிரும் என்கிறபோது திரும்பி என்னைப் பார்த்தார். எதற்குப் பார்த்தார்? ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த மனிதர் அந்த இடத்தில் ஏன் திரும்ப வேண்டும்? கழுத்து வலித்திருக்கும். அல்லது சும்மா. மனிதர்கள் சும்மா திரும்புவார்கள். நான்கூடச் சும்மா திரும்புவேன், ஆனால் நான் திரும்பினால் சும்மா இருக்காது, அதுதான் தொந்தரவு, நான் எப்படியோ அப்படித்தான் எல்லாரும் என்று தோன்றுகிறது.

பெரிய குப்பியைக் கையில் எடுத்து மூடியைத் திறக்கிறார். மூடிக்குப் பூட்டு உண்டு, இரண்டு பக்கமும் சின்னக் காது, திருப்பினால் விளிம்புக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும், பல்பு ஹோல்டர் மாதிரி. வலப்பக்கம் திருப்பித் திறக்கிறார். அதுதான் என் துருப்புச் சீட்டு! போனில் சித்தப்பா, “இது உங்க வீட்டுச் சாமான்தான்னு எப்படிங்க சொல்றீங்க?” என்று கேட்டதும், முழங்காலைத் தடவிக்கொண்டே, “ஐ ஸே, மிஸ்டர் பிரகாசம், பெரிய குப்பியின் மூடி உலகத்துக்கு விரோதமா வலப்பக்கம் திறக்கும், என் மாமியார் தினம் அதோட சண்டை போடுவாங்க” என்றேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அசந்துபோய்விட்டார் என்று நினைத்துப் பேக்கரி மேஜைக்கு அடியில் ஒரு குத்தாட்டமே போட்டேன். இப்போது சித்தப்பா அந்தக் காதை நகத்தால் தட்டிக்கொண்டு சொல்கிறார், சாதாரணமாக, மழை வரும்போல இருக்கு என்று சொல்கிற மாதிரி: “இந்தக் காது உடைஞ்சு போயிருந்துச்சு பெர்னி, நீ பரீட்சைன்னு வராம இருந்தியே, அப்போ. நான்தான் பத்த வச்சேன். அவசரத்துல தலைகீழா வச்சுப் பத்த வச்சுட்டேன், இப்பப் பாரு வலப்பக்கம் திறக்குது. முன்னாடி எல்லாத்தையும் போல இடப்பக்கம்தான். அந்தம்மா வர்றதுக்குள்ள மாத்தணும்னு நினைச்சேன், நேரமில்ல.”

போன மாசம் பத்த வைத்தது. அப்படியானால் மாமியார்? மாமியாரின் தினசரிச் சண்டை? முன்பு இதை வைத்திருந்த யாருக்கும் அது வலப்பக்கம் திறப்பது தெரிய வாய்ப்பே இல்லை, இந்தக் கடைக்குள் வந்து கையில் எடுத்துத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இந்தக் கடைக்குள் கையில் எடுத்துத் திறந்து பார்க்கிறவர் சித்தப்பாவைத் தவிர யார்? சனிக்கிழமை சனிக்கிழமை வந்து துடைத்து வைக்கிற ஒரு கழுதை. அப்படியென்றால் போனில் அவர் மௌனமாக இருந்தது அசந்துபோய் இல்லை. அப்படியென்றால் புதன்கிழமையிலிருந்தே. இரு, இரு, ஓடாதே. தெரிந்திருந்தால் கோட்டு எதற்கு? தெரிந்திருந்தால் வெள்ளித் தாங்கியை இப்படிப் பளபளக்கத் தேய்த்திருப்பாரா? தெரிந்த ஆள் இப்படியா வந்து முகத்துக்கு நேராகவே சொல்லுவார்? தெரியாததால்தான் சொல்கிறார், பத்த வைத்ததையும் அந்த அம்மாள் சொன்னதையும் சேர்த்துப் பார்க்கவில்லை, வயசாகிவிட்டது, காது கேட்கும், கணக்கு வராது. சரி. ஆனால் கண்ணாடியைச் சுண்டிப் பார்த்தே பிறந்த ஊரைச் சொல்கிற ஆள் இதைச் சேர்த்துப் பார்க்காமலா இருப்பார்? அவர் முகத்தைப் பார், பெர்னி. பார்த்தேன். ஒன்றும் இல்லை, துடைத்த தட்டு. பொய் முத்திரை குத்தின கரண்டியை யாராவது கொண்டுவந்து இது எங்க தாத்தா காலத்து வெள்ளிங்க என்று நீட்டும்போது இதே துடைத்த தட்டு முகத்தோடுதான், “அப்படீங்களாஆ, உக்காருங்க, டீ சாப்புடுங்க” என்பார். உட்கார வைத்து டீ கொடுப்பார். நான் உட்கார்ந்திருக்கிறேன். டீ வருகிறது.

டீ. கப்புகள். மேஜையில் நாலு கப்பு இருக்கிறது, இப்போதுதான் பார்க்கிறேன். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, பிறக்காத அம்மாளுக்கு ஒன்று, நாலாவது யாருக்கு? “சித்தப்பா, கப்பு ஒண்ணு கூட இருக்கு.” “டிரைவர் இருப்பான்ல, கோத்தகிரிலேருந்து அந்தம்மாவே ஓட்டிட்டு வருமா?” உடனே வந்தது பதில். நான் பொய் சொல்லும்போதும் உடனே வரும், அதுதான் பயமாக இருக்கிறது, நிஜம் கொஞ்சம் யோசித்துத்தான் வரும். காலையில் நான் வந்தபோது உள் அறையில் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார், என்னைக் கண்டதும், “சரி, அப்புறம்” என்று வைத்துவிட்டார். மேஜையடியில் ஒரு வெந்நீர்ப் பாத்திரம், மேலே துணி போட்டு மூடியிருந்தது, நான் துணியைத் தூக்கப் போனேன், “அதைத் தொடாத கண்ணு, வெள்ளி ஊறுது” என்றார். வெள்ளியை எப்போது வெந்நீரில் ஊற வைத்தார்? புளியில் தேய்ப்பார், திருநீறு மாதிரி ஒரு பொடியில் தேய்ப்பார், ஊற வைத்துப் பார்த்ததே இல்லை. கீழே அன்வர் பாய் வேறு இன்றைக்கு என்னைப் பார்த்ததும் மாவுக்குள் முகத்தைக் குனிந்துகொண்டார், “என்னா பாப்பா” கூடச் சொல்லவில்லை, போன் செய்தது அவர் கடையில்தானே, வேண்டாத இரண்டு பன்னை விலைக்கு வாங்கி அவர் வாயை அடைத்தேனே, சித்தப்பா மூன்று பன் வாங்கித் திறந்திருப்பாரோ? ஐயோ, தெரிந்திருந்தால் தெரிந்ததென்று சொல்லித் தொலைக்கட்டுமே. இப்போதே நானே சொல்லிவிடலாமா? சொன்னால் தோற்றேன். சொல்லாமல் இருந்து அவருக்குத் தெரிந்திருந்தால் அப்போதும் தோற்றேன். அவருக்குத் தெரியாமல் இருந்து, நான் பயத்தில் இப்போது உளறினால், அதைவிடப் பெரிய தோல்வி இந்த நீலகிரியிலேயே கிடையாது, அப்பா சாயங்காலம் வந்து பையைக் கீழே வைத்துவிட்டு காமர்ஸ் புத்தகத்தைத் தேடுவார். வாயைத் திறக்காதே. டிக் டிக் என்று சுவரில் இருக்கிற எல்லாக் கடிகாரமும் வெவ்வேறு நேரம் காட்டிக்கொண்டு அடிக்கிறது, எதை நம்புவது, இந்தக் கடையில் நேரம்கூட ஜோடி சேர்த்துவிட்டதுதான்.

போன் அடித்தது. அந்தக் கறுப்புப் போன், யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாத பழைய போன், அதை நம்பித்தான் நானும் கூப்பிட்டேன். சித்தப்பா கையில் கெட்டில். “எடும்மா.” எடுத்தேன். ஒரு சின்ன இடைவெளி, யாரோ மூக்கால் ஒரு மூச்சை இழுத்து நிறுத்துகிற மாதிரி, பிறகு: “ஐ ஸே, மிஸ்டர் பிரகாசம் கடைதானே? நான் மிசஸ் கிரேஸ் துரைசிங் பேசறேன்.” அதே குரல். நான் செய்த குரல். கிழவித்தனத்தில் அதே கீறல், நடுவில் முழங்காலைத் தடவிக்கொள்கிற அதே முனகல், கொஞ்சம் கனம் மட்டும் கூட, என் அளவுக்கு மெல்லிசு இல்லை, ஆனால் அவள்தான். திரும்பிப் பார்த்தேன், சித்தப்பா என் கண் முன்னால் கப்பில் டீ ஊற்றிக்கொண்டிருக்கிறார், உதடு மூடியிருக்கிறது, ஆவி மூக்குக் கண்ணாடியை மறைக்கிறது. அவர் இல்லை. “ஹலோ? கேக்குதா? குன்னூர் ஸ்டேஷன்ல நிக்கறேன்மா, சென்னைக்கு ரெண்டு டிக்கெட் போடணும், கவுன்டர்ல வரிசை நகரவே மாட்டேங்குது. போட்டுட்டு வந்துடறேன்னு சொல்லிடு.” மறுபடியும் அந்தச் சின்ன இடைவெளி, அந்த மூச்சு. “நீ யாரும்மா? உன் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே.” “நான், நான் இங்க...” என்றேன், என் குரல் எனக்கே வரவில்லை, ஊரார் குரல் எல்லாம் வருகிற வாய்க்கு. வைத்துவிட்டாள். “யாரு?” என்றார் சித்தப்பா. “அவங்கதான்.” “என்னவாம்?” “லேட்டாகுமாம்.” “பெரிய இடம், அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு வர்க்கியைத் தட்டில் அடுக்கினார்.

அப்படியானால் நிஜமாகவே ஒருத்தி இருக்கிறாளா? கோத்தகிரியில், துரைசிங் என்று, மூட்டுவலியோடு? கிரேஸ் என்ற பெயரை எங்கிருந்து எடுத்தேன், பக்கத்துத் தெருத் தையல்கடை போர்டிலிருந்து, துரைசிங்கை ஆட்டோவின் முதுகிலிருந்து, இரண்டையும் நானே கட்டி வைத்தேன், ஒன்றின் தலையை இன்னொன்றின் உடம்புக்கு, அது எழுந்து ஸ்டேஷனில் போய் வரிசையில் நிற்கிறது. சின்ன வயசில் கண்ணாடியைப் பார்த்துப் பேசாதே, அது திருப்பிப் பேசும் என்று அம்மா பயமுறுத்துவாள். இல்லை, பேய் டிக்கெட் போடாது. சித்தப்பா ஏற்பாடு. யாரையோ பேச வைத்திருக்கிறார். யாரை? அன்வர் பாயா? அவர் பேசினால் மூக்கு வந்துவிடும், இதில் மூக்கு இல்லை. சிஸ்டர் பிலோமினா? விசில் இல்லை. அம்மா? அம்மாவால் இரண்டாவது வார்த்தையில் சிரிப்பை அடக்க முடியாது. என் குரலை இவ்வளவு சரியாகத் திருப்பிச் செய்ய இந்த மலையில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? செய்தவர் யாராக இருந்தாலும் லேசுப்பட்ட ஆள் இல்லை, அந்த முனகலை நான் வைத்த அதே இடத்தில் வைத்தார், சித்தப்பா செய்து காட்டியிருந்தால்கூட, கேட்டுக்கொண்டு அப்படியே திருப்பிச் செய்ய ஒரு காது வேண்டும், பிறப்பிலேயே வர வேண்டும். அதில் ஏதோ ஒன்று நெருடியது. என்ன அது? பேச்சில் இல்லை, பேச்சுக்கு முன்னால். முள் மாட்டின துணி மாதிரி அங்கேயே போய்ப் போய் நிற்கிறது மனசு, எடுக்க வரவில்லை. எங்கேயோ கேட்டிருக்கிறேன். தினமும் கேட்டிருக்கிறேன். குழாயடியா, பள்ளிக்கூடமா, சாப்பாட்டு மேஜையா, கேட்டவுடனே ஏதோ மறுக்கப்போகிறார்கள் என்று முதுகு விறைக்குமே, அது என்ன, அது யார்.

“டீ ஆறுது பெர்னி, சர்க்கரை போட்டுக்க.” சித்தப்பா மேஜையடியில் குனிந்து பாத்திரத்தின் துணியை விலக்கி எதையோ எடுத்துத் துடைக்கிறார். மூன்றாவது குப்பியின் தலை. குருட்டுக் குப்பியின் தலை. தாங்கியில் இத்தனை நேரம் அந்த இடத்தில் வெறும் கண்ணாடி உடம்பு ஒரு கைக்குட்டையைப் போர்த்திக்கொண்டு நின்றிருக்கிறது, மூன்றும் நிற்பதாக நானாகவே நினைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். உடம்பில் சர்க்கரைப் பொடி நிரப்பியிருக்கிறது, தலையை வைத்து வலப்பக்கம் திருப்பி மூடுகிறார், டக். என் கப்புக்கு மேல் கவிழ்க்கிறார். “சித்தப்பா, அது குருடு.” “அப்படியா?” உலுக்கினார். விழுந்தது. இலை இலையாக, கொடி கொடியாக, பனி இறங்குகிற மாதிரி சத்தமில்லாமல் தேநீரில், தட்டில், என் மணிக்கட்டில். “உள்ள ஒரு தகட்டுக் குழாய் வச்சு அடைச்சிருக்காங்க பெர்னி. எத்தனை வருஷத்து அழுக்கோ, ஒட்டிப்போய், ஓட்டையே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. என்னையே ஏமாத்திருச்சு பாரு. ராத்திரி முழுக்க வெந்நீர்ல போட்டேன், காலைல லேசா தட்டினேன், நழுவி வந்துருச்சு.” அவர் அதை மட்டும்தான் சொன்னார். மணிக்கட்டில் விழுந்ததை நக்கிப் பார்த்தேன். சர்க்கரைதான்.

கீழே படிக்கட்டில் காலடி. மரப்படி, நான் மிதித்தால் அழாது, கனமான ஆள் மிதித்தால்தான் அழும், அழுகிறது. குடையை உதறுகிற சத்தம். அவருக்குப் பின்னால் இன்னொருவர், அன்வர் பாயின் அடக்கின சிரிப்பு, மூக்கு வழியாக, வேறு யாருக்கு அந்த மூக்கு. சித்தப்பா கெட்டிலைக் கீழே வைக்கவில்லை, ஊற்றவும் இல்லை, துடைத்த தட்டு முகம் ஓரத்தில் நடுங்குகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் காலடி நின்றது. முதலில் பேச்சு வரவில்லை. முதலில் அந்த மூச்சு வந்தது, மூக்கால் சின்னதாக இழுத்து, குப்பிக்கு மூடி போடுகிற மாதிரி தொண்டையில் நிறுத்தி, வைத்து. அதற்குப் பிறகுதான், “ஐ ஸே, மிஸ்டர் பிரகாசம், உங்க படிக்கட்டுக்கும் என் மூட்டுக்கும் ஜென்மப் பகை” என்று மிசஸ் கிரேஸ் துரைசிங். சாப்பாட்டு மேஜை. சாப்பாட்டு மேஜையில்தான் அந்த மூச்சு, ஒவ்வொரு ‘முடியாது’க்கும் முன்னால், அம்மாவின் அரிசி வேகிற நேரமெல்லாம் அதுதான், நான் சொற்களையே பிடித்துக்கொண்டு தொங்கினேன், பிடி சொற்களில் இல்லை, பிடி இங்கே இருந்திருக்கிறது, வாயைத் திறப்பதற்கு முன்னால். சென்னைக்கு ரெண்டு டிக்கெட். ரெண்டு. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு. நாலாவது கப்பு அன்வர் பாய்க்கு. காலையில், “சரி, அப்புறம்.” என் காது, என் தொண்டை, இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று நான் யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன். கதவின் கைப்பிடி இறங்குகிறது. நானும் மூக்கால் ஒரு மூச்சை இழுத்தேன், சின்னதாக, தொண்டையில் நிறுத்தினேன், வைத்தேன், இத்தனை வருஷம் வராத குரல் தானாக வந்து என் வாயில் உட்கார்ந்துகொண்டது, கனமாக, அவசரமில்லாமல்:

“குடையை வெளியிலேயே வச்சுட்டு வாங்கப்பா. வெள்ளி கறுத்துடும்.”